அந்த பீப் சத்தத்தை நான் ஏன் நிறுத்தினேன்

ஹட்டன் பிரதான வீதியில் ஒரு அடகுக்கடை. கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்ன கீபேட். அதிலிருந்து நிமிசத்துக்கு ஒருதடவை 'பீப்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. ஆனா காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தால் மண்டை காய்ந்துவிடும்.

"தம்பி, புண்ணியமா போகும், இத கொஞ்சம் நிப்பாட்டுங்க. வர்ற சனமெல்லாம் என்னன்னு கேக்குது" என்றார் முதலாளி.

நான் கீபேடைப் பார்த்தேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. உள்ளே பெட்டியைத் திறந்து பார்த்தேன். சிம் போட்டிருந்த போர்டில் சிக்னல் விளக்குகள் நாலும் எரிந்தன. நாலு கட்டை சிக்னல் இருக்கு, பிறகென்ன? மெனுவுக்குள் போய், கோளாறு வந்தால் சத்தம் போடும் அமைப்பை நிறுத்திவிட்டேன். முதலாளி பிளேன்டீ வாங்கித் தந்தார். நானும் ஏதோ பெரிய வேலை செய்தவன் மாதிரி குடித்துவிட்டு வந்தேன்.

இந்தக் கட்டுரை அந்த பிளேன்டீயைப் பற்றியது.

நான் யாழ்ப்பாணத்தில் கலைப்பீடத்தில் படிக்கிறேன். சமூகவியல். ஸ்க்ரூட்ரைவருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வீடு நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில். புயலுக்குப் பிறகு ஊருக்கு வந்த விடுமுறையில், ஹட்டனில் கெமராவும் அலாரமும் பூட்டும் பெரியம்மா மகன் கூப்பிட்டார். "சும்மா இருக்கிறதுக்கு என் கூட ஏணிய தூக்கு" என்றார். முதல் வாரம் ஏணி. இரண்டாம் வாரம் வயர். மூன்றாம் வாரம், "நீ இங்கிலீஷ் வாசிப்பதானே, இந்த மெனுவ நீ பாரு" என்று பேனலையே என் கையில் கொடுத்துவிட்டார்.

அலாரம் என்றால் சைரன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அண்ணா முதல் நாளே அதை உடைத்தார். "சைரன் பக்கத்து கடைக்காரனுக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு மெயின் ரோட்டுல சைரன் அடிச்சா எவன் எந்திரிப்பான்? இந்தப் பெட்டியோட உண்மையான வேலை கொழும்புக்கு சொல்றது." கொழும்பில் ஒரு கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. அங்கே ஒருவர் இரவெல்லாம் விழித்திருக்கிறார். பெட்டி அவருக்குச் சொல்ல, அவர் முதலாளிக்கும் பொலிசுக்கும் சொல்வார்.

பெட்டி பேசும் பாசை ரொம்பச் சிக்கனமானது. முன்பு டெலிபோன் லைன் வழியாக டூ டூ என்று எண்களாக அனுப்புவார்களாம். அந்த முறைக்கு கொன்டாக்ட் ஐடி என்று பெயர். லைன் போய் சிம் வந்த பிறகும் பல பெட்டிகள் அதே எண்களைத்தான் அனுப்புகின்றன. முதலில் நாலு இலக்கக் கணக்கு எண், அது எந்தக் கடை என்று சொல்லும். பிறகு மூன்று இலக்கச் சம்பவ எண். 130 என்றால் திருட்டு. 110 என்றால் தீ. 301 என்றால் கரண்ட் போய்விட்டது. 302 என்றால் பெட்டரி இறங்குகிறது. சம்பவ எண்ணுக்கு முன்னால் 1 வந்தால் புதிதாக நடந்தது, 3 வந்தால் சரியாகிவிட்டது. கடைசியில் எந்த வாசல், எந்த ஜன்னல் என்பதற்கு ஒரு எண். அவ்வளவுதான்.

இந்த எண்கள் போய்ச் சேர நாம் செய்துகொடுக்க வேண்டியவை சில இருக்கின்றன. கொழும்பில் இருக்கும் ரிசீவரின் ஐபி முகவரி, அதில் எந்தப் போர்ட், டிசிபியா யூடிபியா, பூட்டிப் பேசுவதற்கான சாவி. சிம் என்றால் ஏபிஎன், அதாவது கைத்தொலைபேசி வலையமைப்புக்குள் இருந்து இணையத்துக்குப் போகும் வாசலின் பெயர். அதில் ஒரு எழுத்து பிழைத்தாலும் பெட்டி வாசலிலேயே நிற்கும்.

எனக்குப் புதிதாகத் தெரிந்த ஒரு விசயம்: வெளியிலிருந்து யாரும் இந்தப் பெட்டிக்குள் வரத் தேவையில்லை. கெமராவை போனில் பார்ப்பதற்காகச் சிலர் ரவுட்டரில் போர்ட் திறந்து விடுவார்கள். அலாரத்துக்கு அது வேண்டாம். பெட்டி தானாக வெளியே போய்க் கதவைத் தட்டும். சிம்மில் வரும் இணையத்துக்குப் பெரும்பாலும் சொந்தப் பொது முகவரி கிடைக்காது, ஆயிரம் பேர் ஒரு முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். அதனால் வெளியிலிருந்து அதைத் தேடிப் பிடிக்கவும் முடியாது. நல்லதுதான். 2016ஆம் ஆண்டு மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க ரவுட்டர்களையும் கெமராக்களையும் பிடித்துக்கொண்டு, அமெரிக்காவில் பெரிய பெரிய இணையத்தளங்களையே விழுத்தியது. அது பூட்டு எதையும் பெரிதாக உடைக்கவில்லை. கொம்பனியிலிருந்து வந்த கடவுச்சொல்லை ஒருவரும் மாற்றாமல் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அதனால் அண்ணா எந்தப் பேனலைத் தொட்டாலும் முதலில் இன்ஸ்டோலர் கோட்டை மாற்றச் சொல்வார். "1234ன்னு வச்சிட்டுப் போறதுக்கு கதவ திறந்து வச்சிட்டே போகலாம்."

சரி, அடகுக்கடைக்கு வருவோம்.

நான் சத்தத்தை நிறுத்திய மறுநாள் பின்னேரம் கொழும்பிலிருந்து அண்ணாவுக்கு கோல் வந்தது. "இந்தக் கணக்கு நேற்றிலிருந்து பேசவில்லை." அண்ணா என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். ஏணியை எடுக்கச் சொன்னார். வழியில் ஒன்றும் பேசவில்லை.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். சிம்மின் டேட்டா பெக்கேஜ் முடிந்திருந்தது. ப்ரீபெய்ட் சிம். டவருக்கும் பெட்டிக்கும் நடுவில் சிக்னல் நன்றாகவே இருந்தது, நாலு கட்டை. ஆனால் டவருக்கு அப்பால் போக வழியில்லை. பெட்டி விடாமல் முயற்சி செய்து, பதில் கிடைக்காமல், 'என்னால கொழும்போட பேச முடியல' என்று கீபேடில் கத்திக்கொண்டிருந்தது. அதன் வாயைத்தான் நான் பொத்தினேன்.

கிட்டத்தட்ட ஒரு முழு நாள். அந்தக் கடைக்குள் இருந்த நகைகள் முதலாளியுடையவை இல்லை. அந்த லாச்சிக்குள் இருப்பது எங்கள் தோட்டத்துப் பெண்களின் தோடும் தாலிக்கொடியும். பிள்ளையின் கம்பஸ் செலவுக்கு, பெரிய பிள்ளை சடங்குக்கு, ஆஸ்பத்திரிக்கு வைத்தவை. என் அம்மாவின் ஒரு சோடித் தோடு, நான் முதலாம் வருடம் யாழ்ப்பாணம் போகும்போது இப்படி ஒரு கடைக்குத்தான் போனது.

"ஒன்னும் களவு போகலதானே அண்ணா" என்று மெதுவாகச் சொன்னேன்.

"கள்ளன் வரலங்கிறதுக்காக பேனல் வேலை செஞ்சிச்சுன்னு அர்த்தமா?" என்றார்.

அன்று இரவு அவர் எனக்கு ஒரு விசயத்தை விளங்கப்படுத்தினார். கொன்டாக்ட் ஐடியில் 350 என்று ஒரு எண் இருக்கிறது. தொடர்பில் கோளாறு என்று அர்த்தம். ஆனால் தொடர்பு அறுந்து கிடக்கும்போது அந்த 350ஐ எப்படி அனுப்புவது? தொடர்பு இல்லை என்று சொல்வதற்கும் தொடர்பு வேண்டும். அறுந்துபோனவன் தான் அறுந்துபோனதைத் தானே சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டிருப்பவன்தான் கவனிக்க வேண்டும்.

அதற்காகத்தான் பெட்டி குறித்த நேரத்துக்கு ஒருமுறை, ஒன்றுமே நடக்காவிட்டாலும், 'நான் இருக்கேன்' என்று ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. இங்கிலீஷில் அதற்கு ஹார்ட்பீட் என்று பெயர். அந்தத் துடிப்பு வரவில்லையென்றால் கண்காணிப்பு நிலையம் அமைதியையே அலாரமாக எடுத்துக்கொள்ளும். எத்தனை நேரத்துக்கு ஒருமுறை என்பதுதான் கேள்வி. ஐரோப்பாவில் இதற்கென்றே இஎன் 50136 என்று ஒரு தரநிலை இருக்கிறது. சாதாரண இடமென்றால் தொடர்பு அறுந்ததைக் கண்டுபிடிக்க 25 மணித்தியாலம் வரை எடுக்கலாம். ஆபத்து கூடிய இடங்களுக்கு 30 நிமிடம், 3 நிமிடம், 90 விநாடி என்று இறங்கிக்கொண்டே போகும். நான் அந்த அடகுக்கடைக்கு வைத்திருந்தது 24 மணித்தியாலத்துக்கு ஒருதரம். டேட்டா மிச்சமாகட்டும் என்று.

அன்று இரவு நித்திரை வரவில்லை. கடையை நினைத்து அல்ல. நவம்பரை நினைத்து.

2025 நவம்பர் 27, வியாழக்கிழமை இரவு அம்மாவோடு பேசினேன். "மழ விடாம பேயுது. நீ சாப்பிட்டியா" என்றார். அதுதான் கடைசி. டிட்வா புயல் வந்த அந்த இரவுக்குப் பிறகு எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. டவர்கள் பெட்டரியில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிட்டு அவையும் செத்தன. வெள்ளி, சனி, ஞாயிறு. அம்மாவின் நம்பருக்கு அடித்தால் அதே பெண்குரல்.

அந்த மூன்று நாளும் நான் எனக்கே சொல்லிக்கொண்டது இதுதான்: 'ஏதாவது நடந்திருந்தா யாராவது சொல்லியிருப்பாங்க.' விடுதியில் இருந்த மலையகப் பொடியன்கள் எல்லோரும் இதையேதான் மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம். செய்தியில் வேறு ஊர்களின் பெயர்கள் வரும்போது, வெட்கத்தோடு சொல்கிறேன், கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. எங்கள் ஊர் பெயர் வரவில்லையே.

அந்தப் புயலில் நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மண்சரிவு கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களைத்தான் மோசமாக அடித்தது. எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் இறங்கி, கடைசிக் காம்பராவின் குசினி போய்விட்டது. அங்கிருந்தவர்கள் முன்னமே கோயிலுக்குப் போய்விட்டதால் உயிர் தப்பினார்கள். அம்மாவும் கோயிலில்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை இருட்டும் நேரம் யாரோ ஒருவர் மேட்டுக்கு ஏறி சிக்னல் பிடித்து, வரிசையில் நின்று பேசியவர்களில் அம்மாவும் ஒருவர். "ஒன்னுமில்ல, குளிர்தான்" என்றார்.

அந்த மூன்று நாளும் ஊரிலிருந்து துடிப்பு வரவில்லை. அதை நான் அலாரமாக எடுக்கவில்லை. 'பிரச்சினை இல்லை' என்று எடுத்துக்கொண்டேன். அடகுக்கடையில் செய்ததும் அதேதான்.

எங்களுக்கு இது புதிதல்ல. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தையில் காலை வேளையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வரும்போது வீடு இருந்த இடமே இல்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாகப் பிறகு செய்தி வந்தது. அப்போ எச்சரிக்கை போயிருக்கிறது. அப்புறம் என்ன?

இங்கேயும் பேனலிடம் கற்ற ஒரு பாடம் இருக்கிறது. பெட்டி 130 என்று அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று படுத்துவிடாது. ரிசீவர் 'கிடைத்தது' என்று பதில் சொல்லும்வரை காத்திருக்கும். பதில் வரவில்லையென்றால் திரும்ப அனுப்பும். திரும்பவும் வரவில்லையென்றால் இரண்டாவது முகவரிக்கு, இரண்டாவது வழிக்கு மாறும். பதில் வராத சமிக்ஞை, அனுப்பாத சமிக்ஞைக்குச் சமம். ஒரு கடிதம் கச்சேரிக்கோ தோட்டத்து ஒபிசுக்கோ போய் கோப்பில் உட்கார்ந்துகொண்டால், அது அனுப்பப்பட்டதே தவிர சேரவில்லை.

பாசையும் அப்படித்தான். பெட்டி ஒரு முறையில் அனுப்ப, ரிசீவர் வேறொரு முறையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால், எல்லாம் போய்ச் சேரும், ஒன்றும் விளங்காது. டிட்வா நாட்களில் எச்சரிக்கைகள் தமிழில் வரவில்லை, வந்தாலும் பிந்தியே வந்தன என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. லயத்தில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் வரும் எச்சரிக்கையும் ஒரு 'பீப்' சத்தம்தான்.

இன்னொன்று. கதவு, ஜன்னலில் இருந்து பேனலுக்கு வரும் வயரின் கடைசியில் ஒரு சின்ன ரெசிஸ்டர் போடுவார்கள். பேனல் அந்த அளவை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும். வயரை வெட்டினாலும் அளவு மாறும், இரண்டையும் சேர்த்து முறுக்கினாலும் மாறும். உடனே தெரிந்துவிடும். ஆனால் சிலர் சோம்பலில் அந்த ரெசிஸ்டரைக் கடைசியில் போடாமல் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுவார்கள். பேனல் எல்லாம் சரி என்றே காட்டும். நடுவில் வயரை முறுக்கிவிட்டால்கூட அதற்குத் தெரியாது. பெட்டி தன்னைத்தானே பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருக்கும். இதை அண்ணா சொன்னபோது எனக்கு ஒபிசில் உட்கார்ந்து, 'எல்லா டிவிசனும் ஓகே' என்று எழுதும் எல்லா அறிக்கைகளும் ஞாபகம் வந்தன. ரெசிஸ்டர் கடைசிக் காம்பராவில் இருக்க வேண்டும். முதலில் குசினி போனது அங்கேதான்.

அடகுக்கடையில் பிழையைத் திருத்தினோம். ப்ரீபெய்ட் சிம்மை எடுத்துவிட்டு, இடையில் முடிந்துபோகாத மாதக் கட்டண சிம். கடையின் ரவுட்டர் முதல் வழி, சிம் இரண்டாவது வழி. ரவுட்டருக்கும் ஒரு பெட்டரி, இல்லாவிட்டால் கரண்ட் போனதும் முதல் வழி செத்துவிடும். துடிப்பு 3 நிமிடத்துக்கு ஒருமுறை. கோளாறுச் சத்தத்தைத் திரும்பவும் போட்டேன். முதலாளியிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இனி சத்தம் வந்தா என்ன செய்யணும்?" என்று கேட்டார். "நிப்பாட்டச் சொல்லாதீங்க, ஏன்னு கேளுங்க" என்றேன். அன்றைக்கு பிளேன்டீ தரவில்லை. நியாயம்தான்.

பிறகு ஒரு ஞாயிறு, எங்கள் லயத்துப் பொடியன்கள் ஏழெட்டுப் பேரைக் கோயிலடியில் கூட்டினேன். எங்களுக்கும் ஒரு பேனல் வேண்டும், ஆனால் காசில்லை. அதனால் அமைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

முதலாவது, அளவு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குச் சொல்லும் அளவுகள் இவை: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் மஞ்சள், விழிப்பாக இரு. 100 என்றால் செம்மஞ்சள், வெளிக்கிடத் தயாராக இரு. 150 என்றாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 என்றாலோ சிவப்பு, வெளியேறு. பக்கம் நேராக இருக்கும் எந்தப் போத்தலும் மழைமானிதான். வாய் அகலமும் அடி அகலமும் ஒன்றாக இருந்தால் உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரமே மழை அளவு. ஒரு பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, அடியில் இருக்கும் மேடுபள்ளத்துக்கு சீமெந்து ஊற்றிச் சமப்படுத்தி, பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை ஒட்டினோம். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்தோம். கடைசிக் காம்பரா வாசலுக்கு முன்னால். தினமும் காலையில் அளவை எழுதிவிட்டுத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, துடிப்பு. கடும் மழை நாட்களில் ஒவ்வொரு லயத்திலும் ஒருவர் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு மிஸ்ட் கோல் கொடுக்க வேண்டும். மிஸ்ட் கோலுக்குக் காசில்லை. வராவிட்டால் 'நித்திரையாக்கும்' என்று விடக்கூடாது. இரண்டு பேர் டோர்ச்சோடு நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பதில். 'வெளியேறுங்க' என்று சொன்னால் மட்டும் போதாது. ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் ஒருவர் கோயிலில் வந்து பெயர் சொன்னால்தான் அந்தக் காம்பராவுக்குச் செய்தி சேர்ந்ததாகக் கணக்கு.

நான்காவது, இரண்டாவது வழி. டவர் செத்தால்? இதற்கு எங்களுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. முன்பு விடியற்காலையில் பெரட்டுக்கு ஆளைக் கூப்பிடத் தப்பு அடித்த தோட்டம் இது. வேலைக்கு எழுப்ப அடித்ததை இனி உயிருக்கு அடிக்கலாம் என்று ஒரு தாத்தா சொன்னார். கோயில் தப்பு அதற்கென்று ஒதுக்கப்பட்டது. 117 அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் நம்பர் என்பதையும் கோயில் சுவரில் பெரிதாக எழுதினோம்.

இதெல்லாம் போதாது என்று எனக்குத் தெரியும். சரியான பதில் ஆபத்தில்லாத இடத்தில் காணியும் வீடும்தான். போத்தலை வைத்துவிட்டு அந்தக் கேள்வியை யாரும் நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் அதுவும் பீப் சத்தத்தை நிறுத்துகிற மாதிரித்தான்.

இப்போது திரும்பவும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். அம்மாவும் நானும் ஒரு ஒப்பந்தம் வைத்திருக்கிறோம். மழையோ வெயிலோ, தினமும் இரவு ஏழரைக்கு ஒரு மிஸ்ட் கோல். பேச வேண்டாம். அடித்தால் போதும்.

போன கிழமை ஒருநாள் ஏழரைக்கு வரவில்லை. ஏழு நாற்பதுக்கு நான் அடித்தேன், போன் ஓஃப். பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. லயத்துத் தம்பிக்கு அடித்தேன். அவன் ஓடினான். பத்து நிமிசத்தில் அம்மா அவனுடைய போனில் வந்தார்.

"சார்ஜ் எறங்கிருச்சுடா. அதுக்குள்ள லயத்தையே எழுப்பிட்டியே, சனம் என்ன நெனைக்கும்?"

வாங்கிக் கட்டிக்கொண்டேன். பொய் அலாரம்தான். ஆனா அன்றைக்கு நன்றாக நித்திரை வந்தது.